லாயமும் லயமும்

அம்மாச்சி "நான் லயத்துல பொறந்தவ" என்று சொல்லும்போதெல்லாம், சின்ன வயதில் நான் அவரைக் குதிரைகளுக்கு நடுவில் வைத்துத்தான் கற்பனை செய்வேன். குதிரை கட்டும் இடம் லாயம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். ஒரு துணைக்கால்தானே வித்தியாசம், அம்மாச்சி பேச்சுவாக்கில் அதை முழுங்கிவிடுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வைக்கோல், பக்கத்தில் மூச்சுவிடும் ஒரு வெள்ளைக் குதிரை, நடுவில் குழந்தையாக அம்மாச்சி. பக்கத்துத் தெரு சர்ச்சில் பார்த்த கிறிஸ்துமஸ் குடில் பாதி, என் சொந்தச் சரக்கு பாதி. ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "குதிர இருந்த எடம் வேறடா. அது நல்லாருக்கும்" என்றார்.

அந்த "அது நல்லாருக்கும்" எனக்குள் முப்பது வருடமாகக் கிடக்கிறது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. 'லைன்' என்ற சொல்லைத் தோட்டத்து ஜனங்கள் தங்கள் வாய்க்கு ஏற்ப வளைத்துக்கொண்டதுதான் லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை, முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை, மேலே தகரம், வரிசைக்கே ஒரு பீலி, அதாவது தண்ணீர்க் குழாய். அம்மாச்சி பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவருடைய தாத்தா துரை பங்களாவில் குதிரைக்காரராக இருந்தவர். அம்மாச்சிக்கு விவரம் தெரிந்தபோது துரைக்குக் கார் வந்துவிட்டது. பங்களாவுக்குப் பின்னால் இருந்த கல் கட்டடத்தில் குதிரைக்குப் பதிலாகக் கார் நின்றது. ஆனால் அந்தக் கட்டடத்தின் ஓட்டுக்கூரையையும் தளம் போட்ட தரையையும் பற்றி, எண்பத்தைந்து வயதிலும் அவர் ஒரு சொந்தக்காரர் வீட்டைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்.

தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1972இல் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிக்கு வந்தது. அப்போது என் மாமாவுக்குப் பத்து வயது. அந்த மாமாதான் போன கோடையில் மூன்று வாரம் என்னோடு தங்க வந்தார். நான் இருப்பது இங்கிலாந்தில், டார்பி நகரில். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவரை எங்கே கூட்டிப்போவது? லண்டன் ஒருநாளில் அலுத்துவிட்டது. "ஏதாவது எஸ்டேட் பக்கம் போலாமா மாப்ள?" என்று கேட்டார். அவருக்கு எஸ்டேட் என்றால் தேயிலை. இந்த நாட்டில் எஸ்டேட் என்றால் வேறு என்று காட்டுவதற்காக ஒரு சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்துக்குக் கிளம்பினோம்.

குதிரைக்குக் கட்டிய அரண்மனை

சாட்ஸ்வொர்த் டெவன்ஷர் டியூக்குகள் என்ற பிரபு குடும்பத்தின் வீடு. டெர்வென்ட் ஆற்றங்கரையில், பின்னால் காடடர்ந்த குன்று, முன்னால் ஆடு மேயும் புல்வெளி. அந்த வீட்டைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. எழுதியவர்கள் ஏராளம். தவிர நாங்கள் உள்ளே போகவே இல்லை. டிக்கெட் விலையை மனதுக்குள் நூறால் பெருக்கிப் பார்த்த மாமா, "வெளிய இருந்தே நல்லாத்தானே தெரியுது" என்றார். லாயத்துக்கு டிக்கெட் கிடையாது. அங்கேதான் டீயும் கிடைக்கும். அதனால் அங்கே போனோம்.

வீட்டுக்கு வடகிழக்கே மேட்டில் நிற்கிறது அந்த லாயம். விவரம் தெரியாதவர்கள் அதையே டியூக்கின் வீடு என்று நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது. நான்காவது டியூக்குக்காக ஜேம்ஸ் பெய்ன் என்ற கட்டடக் கலைஞர் 1760 வாக்கில் கட்டியது. ஒவ்வொரு பக்கமும் சுமார் 190 அடி, இரண்டு மாடி, நடுவில் திறந்த முற்றம். வாசலில் நான்கு தூண்கள், அவற்றின் மேல் முக்கோண முகப்பில் குடும்பச் சின்னம், அதற்கும் மேலே மணிக்கூண்டு. சின்னத்துக்கு இருபுறமும் ஆளுயரக் கல் மான்கள் இரண்டு. மாமாதான் முதலில் கவனித்தார்: "மாப்ள, மானு கல்லு. கொம்பு நெசக் கொம்பு." உண்மைதான். கல்லில் செதுக்கிய தலையில் நிஜ மான்கொம்பைப் பொருத்தியிருக்கிறார்கள். இப்படி ஒரு செலவு எந்தத் தேவைக்கும் வருவதில்லை. பார்க்கிறவன் பார்க்கவேண்டும் என்பதற்கு மட்டும்தான் வரும்.

உள்ளே 80 குதிரைகள் கட்ட இடம் இருந்தது. லாடம் அடிக்கத் தனிக் கொல்லன் பட்டறை இருந்தது. 1830களில் ஆறாவது டியூக் வண்டிகளை நிறுத்த லாயத்துக்குப் பின்னால் இன்னொரு கட்டடம் சேர்த்தார். ரயில் வந்ததும் குதிரை போயிருக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது அப்படி இல்லை. 1849இல் ரௌஸ்லி வரைக்கும் ரயில் வந்தது. அங்கிருந்து வீடு சில மைல் தூரம். விருந்தாளியையும் பெட்டிப் படுக்கையையும் அந்தச் சில மைல் இழுத்துவர மறுபடி குதிரைதான் வேண்டியிருந்தது. லாயத்தை உண்மையில் காலி செய்தது மோட்டார்தான். முதல் உலகப் போரில் ராணுவம் நாடு முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனதும் சேர்ந்துகொண்டது. சாட்ஸ்வொர்த் லாயத்திலிருந்து கடைசிக் குதிரைகள் வெளியேறியது 1939இல். அதே வருடம்தான் போரை முன்னிட்டு ஒரு பெண்கள் பள்ளிக்கூடமே பெரிய வீட்டுக்குக் குடிவந்தது. ராஜா ராணி தங்குவதற்கென்று வைத்திருந்த அறைகளில் வரிசையாகக் கட்டில் போட்டு மாணவிகள் தூங்கினார்கள். லாயம் சாமான் போட்டுவைக்கும் இடமாகவும் கார் ஷெட்டாகவும் ஆனது. துரை பங்களாவின் கதையேதான்.

நான் ஒரு முன்முடிவோடுதான் போயிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். இங்கே குதிரை வளர்ப்பவர்களுக்குப் பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் சொல்லும் அளவு, ஒரு குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. அம்மாச்சி வீட்டில் ஆறு பேர் இருந்த காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு. இந்தக் கணக்கைப் பல நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். யாராவது எஸ்டேட், பிரபு, பாரம்பரியம் என்று ஆரம்பித்தால் எடுத்து வீசத் தயாராக இருந்த கல் அது. முற்றத்தில் டீயை வைத்துக்கொண்டு மாமாவிடம் வீசினேன். "பாருங்க மாமா, குதிரைக்கு 144 சதுர அடி. நமக்கு 120."

மாமா டீயை ஊதிக்கொண்டே ஒரு கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஓரங்களில் சாக்கடை வாட்டம் தேடினார். ஃபிட்டர் புத்தி. "80 குதிரன்ன. சுத்தி நடந்து பார்த்தா அவ்வளவு எடம் இல்லையே. ஒண்ணொண்ணுக்கும் அறையா, இல்ல தடுப்பா?" என்றார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் கணக்கு கெட்டுவிடும் என்று அதை யோசிக்காமலே இருந்திருக்கிறேன். அந்தக் காலத்து லாயங்களில் பெரும்பாலான குதிரைகள் தனி அறையில் நின்றதில்லை. ஆறடி அகலத் தடுப்புக்குள், சுவரைப் பார்த்தபடி, தலைக்கயிறு கட்டி நின்றன. திரும்பக்கூட முடியாது. தனி அறை நோய்ப்பட்ட குதிரைக்கும் சினைக் குதிரைக்கும் பந்தயக் குதிரைக்கும்தான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்பது இந்தக் காலத்துக் குதிரையின் வசதி. நான் இன்றைய குதிரையை அன்றைய அம்மாச்சியோடு மோதவிட்டிருக்கிறேன்.

"அப்ப லயந்தான்" என்று சொல்லிவிட்டு மாமா உட்கார்ந்தார்.

"மேல யாரு இருந்தா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். ஒரு காலத்தில் வண்டிகள் நின்ற அந்தப் பின்கட்டில் இப்போது ரெஸ்டாரண்ட் நடக்கிறது.  போருக்குப் பிறகு வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட புதிதில், வருகிறவர்களுக்குத் தாகத்துக்கென்று இருந்தது வெளியே ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும். அந்தக் குழாய்க்கு மேல் பிற்பாடு 'நாய்களுக்கான தண்ணீர்' என்று எழுதிவைத்துவிட்டார்களாம். 1975இல் 120 பவுண்டு முதல் போட்டு ஒரு டீக்கடை. 1979இல் குதிரைத் தடுப்புகளுக்குள்ளேயே மேசை போட்டு ஒரு கஃபே, அது சரிப்பட்டு வரவில்லை. அப்புறம்தான் இது. இதையெல்லாம் நான் மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்துக் கதவுகள் குதிரை நுழையும் உயரம். மாடி ஜன்னல்கள் அந்த அளவுக்கு இல்லை.

"மேல யாரு இருந்தா?" என்று கேட்டார்.

குதிரையா மனிதனா என்று அவ்வளவு நேரம் அளந்துகொண்டிருந்த எனக்கு, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே மனிதர்கள் இருந்தது உறைக்கவில்லை பாருங்கள். மாடியில் தானியக் கிடங்குகள் இருந்தன. மிச்ச இடத்தில் லாயத்து வேலைக்காரர்கள் தங்கினார்கள். கீழே குதிரை, மேலே ஆள். குதிரையின் உடம்புச் சூடும் மூத்திர நெடியும் ராத்திரி முழுக்கப் பலகை இடுக்கு வழியாக மேலே ஏறும். எந்தக் குதிரை இருமுகிறது, எது காலை உதைக்கிறது என்று பாயில் படுத்தபடியே தெரிந்துவிடும். வசதி யாருக்கு என்பது கேட்பவரைப் பொறுத்தது. பனிக்காலத்தில் அந்தச் சூடும் வரம்தான்.

முன்னாள் டச்சஸ் டெபோரா சாட்ஸ்வொர்த்தைப் பற்றிய தன் புத்தகத்தில் ஒரு விஷயம் சொல்கிறார். லாயத்து மாடியில் ஒரு அறைக் கதவில் 'மூன்றாம் போஸ்டிலியன்' என்று பெயிண்டில் எழுதியது அழியாமல் இருக்கிறதாம். போஸ்டிலியன் என்றால் வண்டியில் உட்கார்ந்து ஓட்டுபவன் அல்ல. பூட்டிய ஜோடியில் இடது குதிரையின் முதுகில் ஏறிக்கொண்டு இரண்டையும் சேர்த்து நடத்துபவன். இரு குதிரைகளுக்கும் நடுவில் வண்டியின் ஏர்க்கால் கட்டை ஆடிக்கொண்டே வரும். அது இடித்து எலும்பு நொறுங்காமலிருக்க வலது காலில் மட்டும் இரும்புக் கவசம் கட்டிக்கொள்வான். பெரும்பாலும் சின்ன உடம்புக்காரர்கள், இளம் பையன்கள். பிரபு கூட்டத்துக்குக் கைகாட்டிக்கொண்டு போகும் படங்களில் முன்னால் குதிரைமேல் ஒரு சிறுவன் இருப்பானே, அவன்தான். அவனிலும் மூன்றாமவன். முதலாமவன் செத்தாலோ ஓடிப்போனாலோ இரண்டாமவன் முதல் கதவுக்கு மாறுவான், இவன் இரண்டாம் கதவுக்கு மாறுவான். கதவு நகராது, ஆள்தான் நகருவான்.

இதை மாமாவிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "பேரு போட்டா ஆளு மாறும்போதெல்லாம் பெயிண்ட் அடிக்கணும்ல" என்றார். பிறகு தோட்டத்துக்குக் கடிதம் வந்த கதையைச் சொன்னார். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து நம்பர், காம்பரா நம்பர், அதற்கெல்லாம் பிறகுதான் ஆள் பெயர். ஒரு தடவை புதுக்கோட்டையிலிருந்து வந்த கடிதத்தில் நம்பர் மாறிப்போய், வேறொரு வீட்டில் அதைப் பிரித்துப் படித்துச் சாவு வீடு என்று தெரிந்து அழுதுவிட்டார்களாம். "அவங்களுக்குச் சொந்தமில்ல. ஆனா அழுதது அழுததுதான்."

என்ஸரில் ஒரு வீடு மட்டும்

ஆற்றைத் தாண்டிப் பூங்கா வழியாகவே நடந்தால் ஒரு கிராமம். எழுதுவது எடென்ஸர், வாயில் வருவது என்ஸர். அந்தக் கிராமம் முன்பு அங்கே இல்லை என்பதுதான் அதன் கதை. ஆற்றுக்கும் சாலைக்கும் நடுவில், டியூக்கின் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி இருந்தது. 1750களின் கடைசியில் நான்காவது டியூக் வீட்டின் வாசலை மேற்குப் பக்கம் திருப்பினார். மேற்கே பார்த்தால் கண்ணில் பட்டவை பழைய லாயங்களும் குடிசைகளும். லாயங்களை இடித்துப் புதிதாக மேட்டில் கட்டினார். கண்ணில் பட்ட வீடுகளை எடுத்தார். கேப்பபிலிட்டி பிரௌன் என்ற புகழ்பெற்ற தோட்டக் கலைஞர், இயற்கையே வைத்ததுபோலப் புல்லையும் மரத்தையும் அங்கே பரப்பினார். மிச்சத்தை 1838க்கும் 1842க்கும் இடையில் ஆறாவது டியூக் முடித்தார். வீடுகளை இடித்து, மேட்டுக்கு அந்தப்புறம், கண்ணில் படாத இடத்தில் புதுக் கிராமம் கட்டிக்கொடுத்தார். கொஞ்சம் பேர் பக்கத்து எஸ்டேட் கிராமங்களான பில்ஸ்லிக்கும் பீலிக்கும் போனார்கள். பீலி என்று ஊர்ப்பெயரைக் கேட்டதும் மாமா நின்றுவிட்டார். நம் பீலிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று விளக்கவேண்டியிருந்தது.

இப்படிச் செய்தது இவர் மட்டுமல்ல. டார்செட்டில் ஜோசப் டேமர் என்ற பிரபு, 1780 வாக்கில் தன் வீட்டு வாசலில் இருந்த மிடில்டன் என்ற சந்தை நகரத்தையே துடைத்தெடுத்துவிட்டு, பள்ளத்தாக்கில் மில்டன் அப்பாஸ் என்று ஒரே மாதிரி கூரை வேய்ந்த இரட்டை வீடுகளை வரிசையாக வைத்தார். இன்றைக்கு நாட்காட்டியில் வரும் அழகான கிராமம் அது. இடித்துவிட்டு ஒன்றுமே கட்டாதவர்களும் இருந்தார்கள், அதற்குக் காரணம் அழகுகூட இல்லை. ஏழைகளுக்கு உதவிப்பணம் தரும் செலவு அந்தந்தத் திருச்சபை வட்டாரத்தின் நிலவரியில் விழுந்தது. வட்டாரம் முழுதும் ஒரே பிரபுவின் நிலம் என்றால், அங்கே குடிசை இருக்கும்வரை அந்தச் செலவு அவர் தலையில்தான். குடிசை இல்லையென்றால் ஏழையும் இல்லை. வேலைக்கு ஆள் பக்கத்து ஊரிலிருந்து சில மைல் நடந்து வரட்டும். 1865இல் அந்தச் செலவைப் பல வட்டாரங்களின் கூட்டமைப்புக்கு மாற்றிச் சட்டம் வந்த பிறகுதான் இந்தக் கணக்கு உடைந்தது.

அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ஆறாவது டியூக் நல்லவர் என்றுதான் சொல்லவேண்டும். என்ஸர் வீடுகள் கெட்டியான கல் வீடுகள். ஒன்று போல இன்னொன்று இல்லை. ஒன்று சுவிட்சர்லாந்து மலைவீடு மாதிரி, ஒன்று இத்தாலிய மாளிகை மாதிரி, ஒன்று குட்டிக் கோட்டை மாதிரி, ஒன்றுக்கு டியூடர் காலத்துப் புகைபோக்கி. ஜான் ராபர்ட்சன் என்பவர் வரைந்த மாதிரிப் படங்களைக் காட்டியபோது, அவசரத்தில் இருந்த டியூக் 'எல்லாத்திலும் ஒவ்வொன்று' என்று சொல்லிவிட்டார் என ஊரில் ஒரு கதை உண்டு. கதையாகவே இருக்கட்டும். எனக்கு அந்த அழகு கொஞ்சம் திகட்டியது. ஒவ்வொரு வீடும் வண்டி ஜன்னல் வழியாக ஒரு நிமிடம் பார்த்து மகிழ்வதற்குக் கட்டியதுபோல இருந்தது. மாமாவுக்குத் திகட்டவில்லை. ஒரு வேலியோரம் நின்று அவரைப் பந்தலை நெடுநேரம் பார்த்தார். "தோட்டம் போட எடம் விட்டிருக்கான் பாரு."

இதை மேற்பார்த்தவர் ஜோசப் பாக்ஸ்டன். தோட்டக்காரராக 22 வயதில் இங்கே வந்து, பின்னாளில் லண்டனில் 1851 கண்காட்சிக்குக் கண்ணாடி மாளிகை கட்டியவர். தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில் அவர் கல்லறை இருக்கிறது. அவரைப் பற்றி நான் சொன்னதில் மாமாவுக்குப் பிடித்தது ஒன்றுதான். மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு குட்டை வாழையை 1830களில் இந்த எஸ்டேட்டின் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்து, குலைதள்ளவைத்து, முதலாளியின் குடும்பப் பெயரையே அதற்கு வைத்தார். கேவண்டிஷ். இன்று உலகம் முழுக்கக் கடையில் தொங்குவது அந்த வகைதான், நம் ஊரில் மோரிஸ் என்று விற்கும் பச்சைப்பழமும் அந்த இனம். "எங்க மோரிஸுக்கு இங்கயா சொந்தக்காரன்?" என்று மாமா கல்லறைக்கு ஒரு கும்பிடு போட்டார்.

பழைய கிராமத்தில் ஒரே ஒரு வீடு மட்டும் இடிபடாமல் சாலைக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிறது. பார்க் காட்டேஜ். உள்ளே இருந்த கிழவர் நகரமாட்டேன் என்றார், சாகட்டும் என்று விட்டுவிட்டார்கள் என்பது ஒரு கதை. வீட்டிலிருந்து பார்த்தால் அது மறைவில் விழுந்தது, அதனால் தப்பித்தது என்பது இன்னொன்று. எனக்கு முதல் கதைமேல்தான் ஆசை. ஆனால் இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று படுகிறது. டியூக்கின் கண்ணுக்குப் படாமல் இருப்பதுதான் அங்கே பிழைத்துக்கிடக்க வழி.

அந்த வேலிப் பக்கம் நின்றுகொண்டிருந்தபோதுதான் மாமா கேட்டார்: "இதுல இருந்தவங்களுக்கு வேலை போச்சுன்னா வீடும் போயிருமா?"

போகும். இந்த நாட்டில் அதற்கு 'கட்டிய வீடு' என்ற பொருளில் ஒரு பெயரே உண்டு. கன்றைத் தறியில் கட்டுவதுபோல வேலையோடு கட்டிய வீடு. வேலை நின்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். புருஷன் செத்தால் விதவை காலி செய்யவேண்டும். பண்ணைத் தொழிலாளர்களை அப்படி எழுப்பிவிட முடியாது என்று சட்டப் பாதுகாப்பு வந்தது 1976இல்தான். மாமா தலையாட்டினார். தோட்டத்தில் அதற்குப் பத்துச்சீட்டு என்று பெயர். வேலையிலிருந்து நிறுத்திச் சீட்டுக் கொடுத்தால் லயத்திலிருந்தும் இறங்கவேண்டும். வேலையும் வீடும் ஒரே தாளில் போய்விடும்.

நான் அப்போது மாமாவிடம் ஒன்றைச் சொல்லவில்லை. நான் இங்கே இருக்கும் விசா ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கிறது. வேலை போனால் அறுபது நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி கிடைக்கவேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்டவேண்டும். அவர் வருவதற்கு ஒரு மாதம் முன்புதான் எங்கள் ஆபீசில் ஒரு மாடியையே காலி செய்தார்கள். என் பெயர் பட்டியலில் இல்லை. ஆனால் அந்த வாரம் நாலு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, எந்தச் சாமானை விற்பது, எதை ஊருக்கு அனுப்புவது என்று மனதுக்குள் வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு வாடகையை நான்தான் கொடுக்கிறேன், கதவில் என் பெயரே இருக்கிறது. அப்படியும் அந்த அறுபது நாள் எங்கோ எழுதிவைத்திருக்கிறது. இத்தனை வருடம் நான் சதுர அடியையே அளந்துகொண்டிருந்தேன். 'அது நல்லாருக்கும்' என்று அம்மாச்சி சொன்னதும் ஓட்டுக்கூரையைத்தான் என்று நினைத்திருந்தேன். தன் தாத்தா குதிரைக்கு நோய் வந்த ராத்திரியெல்லாம் அந்தக் கல் கட்டடத்திலேயே படுத்திருந்ததை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நல்ல குதிரைக்காரனை எந்தத் துரையும் இறக்கிவிடமாட்டான், குதிரை விடாது என்று சேர்த்துச் சொல்வார். நான் அதைக் கதையாகக் கேட்டிருந்தேன்.

ஒன்றை நேர்மையாகச் சேர்க்கவேண்டும். கடைசிக் குதிரை போன பிறகு, சாட்ஸ்வொர்த் லாயத்து மாடியில் ஆட்கள் தங்கிய அறைகளைச் சின்னச் சின்ன வீடுகளாக மாற்றினார்கள். அதில் வேலையில் இருப்பவர்களோடு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் குடும்பத்தோடு இருந்தார்கள். அதாவது வேலை முடிந்தும் கூரை முடியவில்லை. மாமா அதைக் கேட்டு, "அப்ப இவன் பரவால்ல" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அதையும் ஒருவர் மனது வைத்துக் கொடுத்தார் என்பது உறுத்தியது. மாமாவுக்கு அது உறுத்தவில்லை. கொடுக்காதவர்களைப் பார்த்தவர் அவர்.

கார் நிறுத்திய இடத்துக்கு வர மறுபடி லாயத்தைத் தாண்டவேண்டும். ஊரில் அப்போது சாயங்காலம். மாமா வீடியோ காலில் அம்மாச்சியைப் பிடித்தார். முதலில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது, பிறகு உத்தரம், பிறகு முகம். மாமா போனைத் திருப்பி முற்றத்தைச் சுற்றிக் காட்டினார். நாலு பக்கமும் வரிசையாகக் கதவுகள், மேலே ஜன்னல்கள், நடுவில் வெயில். அம்மாச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நல்ல கல்லு லயமா இருக்கே. எத்தன காம்பரா?"

நான் திருத்த வாயெடுத்தேன். மாமா கையால் அடக்கினார்.

"எம்பதும்மா."

"எம்பதா! பீலி எத்தன?"

"ஒண்ணுதான். அதும் இப்ப நாய்க்கு எழுதிவச்சிருக்கான்."

அம்மாச்சி சிரித்ததில் போன் ஆடி, மறுபடி உத்தரம் தெரிந்தது.